மூன்றாம் கொப்பியின் நாற்பத்தொன்றாம் பக்கம்

ஆனந்தராஜாவுக்குச் சுசிலா அக்கா மேல் பதினொரு வருசக் கோபம். எல்லாம் ஒரு சிகரெட்டால் வந்தது. அதுகூட அவர் வாங்கிய சிகரெட் இல்லை. வெம்பிளிக்குப் பக்கத்தில், அல்பெர்ட்டனில் இருவரும் வேலை செய்யும் மெத்தைப் பட்டறையின் சிகரெட்.

மெத்தைப் பட்டறைக்குச் சிகரெட் எதற்கு என்று வெளியாட்கள் கேட்பார்கள். ஒருத்தன் புகைத்தபடி நித்திரையாகிப் போனாலும் மெத்தை பற்றி எரியாது என்று, விற்கிறவன்தான் இந்த நாட்டில் காட்ட வேண்டும். பெரிய சோதனைக்கூடம் கொடுத்த சான்றிதழ் ஒரு பக்கம் இருக்க, பட்டறையிலும் தைக்கிற ஒவ்வொரு தொகுதிக்கும், அதாவது பாட்சுக்கு, ஒரு தடவை சோதனை நடக்கும். புதிதாகத் தைத்த மெத்தைத் துண்டு ஒன்றைப் பின்வளவில் நிற்கும் இரும்புக் கொண்டெய்னருக்குள் வைத்து, அதன் மேல் எரிகிற சிகரெட்டைக் கிடத்தி, அது அணைந்து போகும்வரை ஒரு ஆள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். துணி கருகலாம். தணல் மட்டும் உள்ளே ஊர்ந்து போகக் கூடாது. பார்க்கிற ஆள் ஆனந்தராஜா. பார்த்ததை எழுதுகிற ஆள் சுசிலா அக்கா.

அக்கா ஊரில் காணிப் பதிவுக் கந்தோரில் ஒன்பது வருசம் எழுதின கை. இங்கே மெத்தைக்கு ஓரம் தைக்கத்தான் வந்தார். வந்த முதல் வாரமே, இந்தப் பட்டறையில் ஒருத்தரும் ஒன்றையும் எழுதி வைப்பதில்லை என்று கண்டு அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். முதலாளி தியாகராஜாவிடம் போய், பக்க இலக்கம் அச்சடித்த தடித்த கொப்பி ஒன்று வேண்டும் என்று கேட்டார். அன்று பிடித்த பேனைதான். எந்த ரோல் துணி, எந்த லொறியில் வந்த போம் பஞ்சு, யார் தைத்தது, சிகரெட் வைத்தது எத்தனை மணி, அணைந்தது எத்தனை மணி, எல்லாம் ஏறும். பாட்சுக்கு ஒரு உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, பையில் போட்டு, இலக்கம் ஒட்டி, இரும்பு அலுமாரியில் அடுக்குவார். கிங்ஸ்பரியில் அவர் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாலும் அதே கதைதான். சம்பல் டப்பாவில் அரைத்த தேதி, பால் போத்தலில் திறந்த நேரம்.

அவருக்கு ஒரு சட்டம். எழுதினதை அழிக்கக் கூடாது. பிழை என்றால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் கையெழுத்து வைத்து, சரியானதை எழுத வேண்டும். பிழை இல்லை என்றால் அந்தக் கோடும் கிடையாது.

இரண்டாயிரத்துப் பதினான்கில் ஆனந்தராஜா ஆர்ச்வே கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்துச் சிகரெட்டை விட்டிருந்தார். இது நடந்தது, விட்டு நாற்பத்தொன்றாவது நாள். கொண்டெய்னருக்குள் சிகரெட்டை வாயால் பற்ற வைப்பதில்லை. இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியில் இருக்குமே, அப்படி ஒரு ரப்பர் உருண்டை காற்றை இழுத்துப் பற்ற வைக்கும். அன்றைக்கு அந்த உருண்டை வெடித்துவிட்டது. சரி, ஒரு இழுவைதானே, வாயாலேயே பற்ற வைப்போம் என்று நினைத்தார். முதல் இழுவை பற்ற வைக்க. இரண்டாவது, ஒழுங்காகப் பற்றியதா என்று பார்க்க. மூன்றாவதுக்குக் காரணம் ஒன்றும் இல்லை. அக்கா மணிக்கூட்டோடு உள்ளே வந்தபோது மெத்தைத் துண்டு புத்தம்புதிதாகக் கிடந்தது. சிகரெட்டைத்தான் காணவில்லை.

அக்கா கொப்பியைத் திறந்தார். மூன்றாம் கொப்பியின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், குறிப்பு எழுதுகிற இடத்தில், தமிழில், உருண்டையான கந்தோர் எழுத்தில் எழுதினார்: ‘சோதனை செல்லாது. சோதனைச் சிகரெட்டைச் சோதனையாளர் ஆனந்தராஜா புகைத்து முடித்துவிட்டார். மெத்தைக்குச் சேதமில்லை.’

ஆனந்தராஜா கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நின்றார். தான் பற்ற மட்டும்தான் வைத்ததாகவும், மிச்சத்தைக் காற்று எரித்ததாகவும் சாதித்தார். இரும்புப் பெட்டிக்குள் எந்தக் காற்று வந்தது என்று அக்கா கேட்டார். கையெழுத்துக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது, பதினொரு வருசம். ஆனந்தராஜா கொஞ்சம் இருமினால் போதும், தையல் மெசின் பக்கம் இருந்து யாராவது “மெத்தைக்குச் சேதமில்லை” என்பார்கள். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி வருசத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். அக்கா கேட்காதது போல் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார். ஒரே ஆறுதல், பட்டறையைப் பரிசோதிக்க வருகிற கவுன்சில் அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது.

சென்ற வருசம் தமிழ் தெரிந்த ஒருத்தி வந்தாள்.

வெம்பிளியில் புதிதாகத் திறக்கிற ஹோட்டல் ஒன்றுக்கு இருநூற்று நாற்பது மெத்தை. பிளாஸ்டிக் சுற்றி, கூரை முட்ட அடுக்கியாயிற்று. அடுத்த நாள் லொறி. போகாவிட்டால் ஓடர் இல்லை, ஓடர் இல்லாவிட்டால் பதினொரு பேருக்கும் பட்டறை இல்லை. அந்த வியாழக்கிழமைதான் அன்பரசி என்ற அதிகாரி வந்தாள். பினாங்கில் பிறந்து, இங்கே படிக்க வந்து, கவுன்சில் வேலையோடு தங்கிவிட்டவள். தியாகராஜா அனுப்பி வைத்த பாட்ச் பட்டியல் அவள் கையில் இருந்தது. அக்காவின் கொப்பியைக் கண்டதும் தமிழுக்கு மாறிவிட்டாள். அதைக் கேட்ட ஆனந்தராஜா மெல்ல மெத்தை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“ஒவ்வொரு வருசமும் ஒண்ணுல இருந்து எண்ணுறீங்க. ஆனா எட்டாம் பாட்ச் இல்ல. பதினேழு இல்ல. இருபத்தாறு இல்ல. பன்னெண்டு வருசமா இப்படித்தான் இருக்கு,” என்றாள். “தீ பிடிச்ச பாட்சையெல்லாம் பேப்பர்ல இருந்து எடுத்துட்டீங்களா?”

தியாகராஜா முதலில் ஆங்கிலத்தில் ஏதோ நடைமுறை, கொள்கை என்று இழுத்தார். பிறகு குரலை இறக்கினார்.

“கூட்டிப் பாருங்கோ, பிள்ளை. எல்லாம் எட்டு வருது. சனியன்ரை நம்பர். இருபத்தாறாம் நம்பர் கடையிலைதான் நான் முதல் வியாபாரத்தைத் துலைச்சனான்.”

“எங்கப்பாவும் கார் நம்பரைக் கூட்டிப் பார்த்துத்தான் வாங்குவாரு. எனக்குப் புரியுது, அங்கிள். ஆனா ரிப்போர்ட்ல சனின்னு நான் எழுத முடியாதே.”

அக்கா முதலாம் கொப்பியைக் கொண்டுவந்து முதல் பக்கத்தைத் திறந்து வைத்தார். ‘கூட்டினால் எட்டு வரும் இலக்கங்கள் முதலாளியின் விருப்பப்படி விடப்படும். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சு.’ என்று இருந்தது. தியாகராஜா அதை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தார்.

அன்பரசி வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அதிகாரி வருவதற்கு முந்திய வாரம் ஒரே மூச்சில் உட்கார்ந்து பழைய வருசத்துக் கொப்பியெல்லாம் எழுதித் தள்ளிய கம்பெனிகளைத் தான் பார்த்திருப்பதாகவும், இதுவும் அப்படி இல்லை என்பதற்கு என்ன சாட்சி என்றும் கேட்டாள். சுசிலா அக்காவுக்கு அது, களவெடுத்தாய் என்று சொன்னது போல ஆகிவிட்டது. முகம் சிவந்தபடியே எழுந்து போனார். எல்லாக் கொப்பிகளையும் மேசையில் அடுக்கினார்.

“வாசிச்சுப் பாருங்கோ,” என்றார்.

அவள் உண்மையாகவே வாசித்தாள். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆடை கட்டியது. இரண்டாம் கொப்பி முடிந்தது, மூன்றாம் கொப்பி திறந்தது. ஆனந்தராஜா பக்கங்களைத் தூரத்தில் நின்றே எண்ணினார். ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டாம் தரமும் வாசித்தாள்.

“ஆனந்தராஜா யாரு?”

அக்காவைத் தவிர மற்ற எல்லாரும் அடுக்குப் பக்கம் திரும்பினார்கள். அவர் வெளியே வந்தார்.

“இது உண்மையா? நீங்க கையெழுத்துப் போடலையே.”

பதினொரு வருசமாகச் சொன்ன பதில் நாக்கு நுனியில் நின்றது. காற்று எரித்தது என்று சொன்னால், அக்காவின் கொப்பி பொய் சொல்கிறது என்று ஆகும். ஒரு இடத்தில் பொய் என்றால் எட்டாம் பாட்சை விட்ட காரணமும் பொய்தான். ஓம் என்றால், நேர்த்தியை முறித்த கதையைக் கவுன்சிலுக்கும் முருகனுக்கும் ஒரேயடியாக ஒப்புக்கொண்டதாகும். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மேசையில் இருந்த பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றார் ஆனந்தராஜா. “குடிச்சனான்.”

“எவ்வளவு?”

“முழுக்க. விரல் சுடும்வரைக்கும்.”

அன்பரசிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “திருட்டுக் கணக்கு எழுதறவங்க இப்படி ஒரு வரி எழுத மாட்டாங்க. எழுதினாலும் கையெழுத்தையும் அவங்களே போட்டுத் தொலைச்சிருப்பாங்க.”

அதோடு விட்டுவிடவில்லை. வாய்க்கு வந்த மூன்று பாட்ச் இலக்கம் சொல்லித் துண்டு கேட்டாள். அக்கா மூன்று நிமிடத்தில் மூன்று பையையும் எடுத்து நீட்டினார். இரண்டு மெத்தையைத் தங்கள் சோதனைக்கூடத்துக்கு என்று எடுத்துவைத்தாள். இனி ஒரு இலக்கமும் தவறக் கூடாது, குறிப்பு ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். லொறி நாளைக்குப் போகலாம் என்றாள். வாசலில் ஆனந்தராஜா தெரியாத்தனமாக இருமிவிட்டார்.

“மெத்தைக்குச் சேதமில்லைதானே?” என்று கேட்டுவிட்டு அவள் காரில் ஏறினாள்.

அடுத்த பாட்ச் முப்பத்தைந்து. அதையும் கூட்டினால் எட்டு. தியாகராஜா அன்று நெற்றி நிறைய விபூதியோடு வந்து, தைக்கும் பக்கமே வராமல் கந்தோர் அறைக்குள் இருந்தார். அக்கா ‘35’ என்று சற்றுப் பெரிதாகவே எழுதினார். சிகரெட் பதினெட்டு நிமிடத்தில் அணைந்தது. சோதனைக்கூடத்துக்குப் போன இரண்டும் தேறி வந்தன.

அந்த மாதக் கடைசியோடு அக்கா வேலையை விட்டார். வயது அறுபத்தாறு, முழங்கால் ஏலாது. பிரியாவிடைக்கு வந்த ரோல்ஸ் பலகாரத்தில் மிஞ்சினதை டப்பாவில் போட்டு, மூடியில் தேதி எழுதினார். பிறகு ஆனந்தராஜாவைக் கூப்பிட்டு, சிகரெட் பூட்டி வைத்த அலுமாரியின் திறப்பைக் கொடுத்தார். உள்ளே பதினாறு சிகரெட். எண்ணச் சொன்னார். எண்ணினார். பொறுப்பைப் பாரம் எடுத்ததாகக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தார். இனிக் கொப்பியும் நீங்கள்தான் எழுத வேண்டும் என்றபோது, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடமா என்று அவர் தயங்கினார். நேரத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்றார் அக்கா.

கோட்டையும் போட்டு, கைப்பையையும் தோளில் கொழுவின பிறகுதான் மேசை லாச்சியில் இருந்து மூன்றாம் கொப்பியை எடுத்தார். அது தானாகவே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரிந்தது.

“எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டனே, அக்கா,” என்றார் ஆனந்தராஜா.

“சொன்னதை நான் எந்தப் பைலிலை போடுறது?”

79ஆம் நம்பர் பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அக்கா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, தன் பேனையின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

“இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ, தம்பி. அண்டைய தேதி போடக் கூடாது. இண்டைய தேதியைப் போடுங்கோ.”