எஸ்தர் ஓட்டிய கார்

போன மாதம் என் வீட்டுக்காரர் ஒரு பழைய கார் வாங்கினார். பழையது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், "செகண்ட் ஹேண்ட்னு சொல்லு" என்பார். வாங்கி வந்த அன்று சாயங்காலமே, செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்று போய் வரலாம் என்று என்னை முன்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாக எரிந்தன. அதில் ஒன்று, மூக்கு நீண்ட எண்ணெய்ச் செம்பு படம் போட்டது, சிவப்பாக எரிந்தது. "ஐயோ, நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியே. எதை நிறுத்துறது?" என்றார் அவர்.

நியாயமான கேள்விதான். சாவி போட்டதும் அந்த விளக்கு எரியத்தான் வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணைந்தும்விட்டது. ஏரிக்கரைக்குப் போய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அவர் காரின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். என் கண் மட்டும் அந்தச் செம்பு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் புதுக் காரின் சந்தோஷம் கெட்டுவிடும். உங்களிடம் சொல்லலாம்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தேன். மூன்று வருடம் ட்ரெய்னிங். அவ்வளவு நாள் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமே கிடையாது, முதல் வாரத்திலேயே எல்லாம் வந்துவிட்டது. எங்கள் லைனில் செய்தது ஆயில் பிரஷர் சுவிட்ச். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். இன்ஜினுக்குள் ஆயில் சரியான அழுத்தத்தோடு ஏறுகிறதா என்று காவல் காப்பது அதன் வேலை. ஏறினால் காரில் விளக்கு அணையும், ஏறாவிட்டால் எரியும்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எங்களுக்குத் தெரிந்தது டெஸ்டிங் மேசை ஒன்றுதான். சுவிட்சை அதில் மாட்டிக் காலால் பெடலை மிதித்தால் காற்று வரும். எதிரே ஒரு சிவப்பு பல்பு. பல்பு அணைந்தால் பீஸ் நல்ல பீஸ். அணையாமல் எரிந்தால் கெட்ட பீஸ், ரிஜெக்ட் தொட்டியில் வீசிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். பகல் ஷிஃப்டானாலும் ராத்திரி ஷிஃப்டானாலும் இதேதான். தூக்கத்தில்கூட நான் கட்டில் காலை மிதிப்பதாக ஹாஸ்டல் பெண்கள் கேலி செய்வார்கள்.

அந்த லைனுக்கென்று ஒரு வாசனை உண்டு. சூடான ரப்பரும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் துப்பட்டாவைவிட்டுப் போகாது. அதற்கு நடுவில் சில நாள் திடீரென்று மல்லிகை வாசம் அடிக்கும். லைனில் பூ வைக்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் சூப்பர்வைசர் மோப்பம் பிடித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பார், கண்டுபிடித்ததே இல்லை. பூ எஸ்தரின் தொப்பிக்குள் இருக்கும்.

எஸ்தர் என் பக்கத்து மேசை. செய்யூர்ப் பக்கத்துப் பெண். அவள் அப்பா சின்ன வயதில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்றுப் பிடுங்கியவர், பிறகு உப்பளத்தில் மூட்டை ஏற்றினார். அந்த வீட்டில் சைக்கிளுக்கு மேல் யாரும் எதையும் ஓட்டியதில்லை. எஸ்தர்தான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கின கையோடு சிங்கப்பெருமாள்கோவிலில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போவாள். நாங்களெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற நேரத்தில் அவள் கிளட்ச் மிதித்துக்கொண்டிருப்பாள். "உனுக்குத் தூக்கம் வரல?" என்று கேட்டால், "ஸ்டேரிங்கப் புடிச்சா தூக்கம் எங்கடி வருது!" என்பாள்.

ட்ரெய்னிங் முடிந்தால் கம்பெனி எங்களை அனுப்பிவிடும். அது ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம். நாங்கள் எல்லாரும் அடுத்த கம்பெனிக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தபோது எஸ்தர் மட்டும் வேறு கணக்குப் போட்டாள். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர்களுக்கு மாமல்லபுரம் போயாக வேண்டும். பெண் பிள்ளைகளை முன்பின் தெரியாத டிரைவரோடு அனுப்ப எந்த அப்பா அம்மாவுக்கும் மனசு வராது. டிரைவரே ஒரு பெண்ணாக இருந்தால்? ஒரு டாக்ஸி வாங்கி ஓட்டினால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம், ஊருக்குத் திரும்பிப் போய் அவர்கள் காட்டுகிறவனுக்குக் கழுத்தை நீட்டவும் வேண்டாம்.

அவள் அப்பா முரடர் இல்லை. ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டு அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "கிறிஸ்மஸ் வரைக்கும் ஓட்டிப் பாரும்மா. ஓடுச்சின்னா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். ஓடலன்னா மூட்டையக் கட்டிகினு வூட்டுக்கு வந்துடணும். மாப்ள வூட்ல கேட்டுகினே கீறாங்க."

ட்ரெய்னிங் முடிந்த கையோடு, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு ஒரு புரோக்கர் மூலமாக வெள்ளைக் கார் ஒன்று வாங்கினாள். மஞ்சள் போர்டு வண்டி, பின்சீட்டில் யாரோ ஒட்டிய சூயிங்கம்மும் கூடவே வந்தது. புரோக்கர் இன்ஜினை ஓடவிட்டுக் காட்டியபோது சத்தமே இல்லை. ஊறவைத்த அரிசி அரைகிற மாதிரி அத்தனை மெத்தென்று ஓடியது. போதகர் வந்து பானட்டின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். அவர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் நான் நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். எஸ்தர் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாயிற்று என்ற தைரியம் எங்களுக்கு.

முதல் ஓட்டத்திலேயே, ரயில்வே கேட்டில் நிற்கும்போது காருக்குள் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னாடி இது, நம்ம பல்பு இங்க எரியுது!" என்றாள் எஸ்தர். கேட்கும்போது அவள் குரலில் பயம் இல்லை, ஊர்க்காரரை வெளியூரில் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான். பல்பு அணையவில்லையென்றால் என்ன அர்த்தம்? மூன்று வருடமாக நாளெல்லாம் பார்த்ததுதானே. பீஸ் மோசம்.

"ரிஜெக்ட் பீசு. எவன் பண்ணதோ," என்றாள் அவள். ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தோம், ஆயில் நிறைய இருந்தது. அதற்குமேல் சந்தேகப்பட எங்களுக்கு என்ன இருக்கிறது? செங்கல்பட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால், கடைக்காரர் எடுத்து வைத்த டப்பாவில் எங்கள் கம்பெனி முத்திரை. எஸ்தர் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். வாங்கி வந்து மாட்டினோம். விளக்கு அணைந்தது. "பாத்தியா, நம்ம சரக்கு!" என்று அவள் தொடையைத் தட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் சில சுவிட்சுகளை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டாஷ்போர்டில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி. பொத்தேரியிலிருந்து மூன்று காலேஜ் பெண்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று எஸ்தர் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். மாம்பழ நிறத்தில் சுடிதார் போட்டு, இப்போது யாரும் தடுக்க முடியாத பூவைத் தலை நிறைய வைத்திருந்தாள். ஸ்டியரிங்கில் அவள் கைகள் இருந்த விதம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா வைத்திருந்தாள். எதிரே லாரி வந்தாலும் உடம்பு அசையாது. லைனில் நாங்கள் பார்த்த எஸ்தர் எப்போதும் முதுகு வளைந்து உட்கார்ந்திருப்பாள். இந்த எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் சிநேகிதி இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிந்ததும் பின்சீட்டுப் பெண்கள் கழுகைத் தேடினார்கள். கழுகு வருவது நின்று வெகுகாலமாகிறது. இருந்தாலும் அந்த மலையைத் தாண்டும்போது யாராக இருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்க்கத்தான் செய்வார்கள். நானும் பார்த்தேன். குனிந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள். டீ வாங்கிக்கொடுத்துப் பெண்களை உட்காரவைத்துவிட்டு, ஸ்பேனரோடு பானட்டுக்குள் தலையை விட்டாள். கொதிக்கிற இன்ஜினில் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். புதுச் சுவிட்சை மாட்டினாள், விளக்கு அணைந்தது. பழையதைக் கவரில் போட்டாள். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் திரும்ப எரிந்தது. திரும்ப நிறுத்தி, திரும்ப மாற்றினாள், திரும்ப அணைந்தது. "இன்னாடி நம்ம லைனு இவ்ளோ மோசமாப் போச்சி, நாம இல்லாம?" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பூஞ்சேரி வந்தது. இரண்டு பக்கமும் சிற்பக் கூடங்கள். உளிச் சத்தம் டக் டக்கென்று காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்களே பாவம் என்று நான் சொன்னேன். கூடங்களெல்லாம் பின்னால் போய்விட்டன. டக் டக் கூடவே வந்தது. எஸ்தரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் உள்ளே ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு உதறல், கார் நின்றுவிட்டது. தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது.

அந்தப் பெண்கள் நல்ல பிள்ளைகள். திட்டவில்லை. "பரவால்லக்கா, ஆட்டோல போயிக்கிறோம்" என்று சொல்லி, போவதற்கு முன்னால் எஸ்தரோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோ எந்தப் போனில் இருந்து எப்போது அழிந்ததோ தெரியாது.

காரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த ஷெட்டில் விட்டோம். அங்கே இருந்த மெக்கானிக் மணி அண்ணாத்தை இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியைக் கழற்றினார். உள்ளே ஆயிலுக்கு அடியில் கன்னங்கரேலென்று அல்வா பதத்தில் கசடு. ஆயிலை மேலே உறிஞ்சுகிற இடத்தில் இருந்த சல்லடை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. இன்ஜினை நிறுத்தினால் கசடு விலகும், ஓடினால் வந்து அடைக்கும்; நாங்கள் சுவிட்ச் மாற்றியபோதெல்லாம் விளக்கு அணைந்தது அதனால்தான். விற்றவன் கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை மறைத்திருக்கிறான்.

"ஆயிலு கீதும்மா, மேல ஏறல. லைட்டு எரியலியா?" என்றார்.

"எரிஞ்சிது அண்ணாத்த. சுவிட்ச மாத்திகினே வந்தோம்," என்றாள் எஸ்தர்.

அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். கிண்டல் பண்ணவில்லை. கவரை வாங்கி ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல ஒண்ணும் கொறயில்லம்மா. எல்லாம் சரியாத்தான் சொல்லிகினு இருந்துக்குது."

எஸ்தர் கவரை மடியில் வைத்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்தாள். "அத்தினியும் நல்ல பீசுடி," என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. இன்ஜின் போயிற்று. புது இன்ஜின் போடுவதென்றால் இன்னொரு கார் வாங்குவது மாதிரி. அவளிடம் மிச்சம் இருந்தது கிறிஸ்மஸ் வரைக்கும் கொஞ்ச நாள்தான்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் நடந்தே கடற்கரைக்குப் போனோம். மாங்காய் பத்தை வாங்கினோம், மிளகாய்த்தூள் அவளுடைய மணிக்கட்டுப் புண்ணில் பட்டது. கடலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். "ஆனா நல்லா ஓட்டினேன் இல்ல?" என்று கேட்டாள். "சூப்பரா ஓட்டினடி" என்றேன். இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு அதுதான் வந்தது.

காரை உதிரி பாகத்துக்காக மணி அண்ணாத்தையே எடுத்துக்கொண்டார். டிசம்பர் பிறப்பதற்குள் எஸ்தர் ஊருக்குப் போய்விட்டாள். பொங்கல் கழிந்து கல்யாணம்.

எங்கள் சுவிட்ச் லைனை வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்று கேள்வி. எங்கள் ஹாஸ்டல் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. பூஞ்சேரியில் அந்த ஷெட்டையும் காணோம், ரோட்டை அகலப்படுத்தியதில் போயிருக்கும். இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

போன கோடையில் எஸ்தர் குடும்பத்தோடு மாமல்லபுரம் வந்தவள், திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். வாடகை வேன். கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை, தங்கமான மனுஷன். காபி குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "சொந்தமா ஒரு வண்டி வாங்கலாம்னு பாக்குறேங்க. நீயும் ஓட்டக் கத்துக்கயேன்னு இவகிட்ட எவ்ளோ நாளா சொல்றேன். கார்னாலே பயப்படுறா. முன்னாடி சீட்லகூட உக்கார மாட்டா."

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனுக்கு எதுக்கு அதெல்லாம்," என்றாள், என் பக்கம் திரும்பாமலே. சொல்லாதே என்கிறாளா, நிஜமாகவே மறந்துவிட்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

கிளம்பும்போது அவள் வேனின் பின்சீட்டில், பிள்ளைகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். வேன் தெருமுனை திரும்புகிறவரை கையாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூஞ்சேரி ரோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினவளைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும், இன்னும் ஒரே ஒரு தடவை. அவள் எங்கே என்று கேட்கலாமென்றால், இந்த எஸ்தரே அவளைத் தெரியாது என்கிறாள்.