மீரான் அம்மா

அருப்புக்கோட்டையில் இருந்த அந்தப் பெரிய அரசு மேல்நிலைப் பள்ளியில் ஷர்மிளா பானுவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலைமையாசிரியர் தொடங்கி ஆறாம் வகுப்புப் பொடிசுகள் வரை எல்லோருக்கும் அவள் 'மீரான் அம்மா'தான். மகன் மீரானை இடுப்பில் சுமந்தபடி திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் முதன்முதலாக அந்தக் கேட்டுக்குள் நுழைந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துகொண்டே போகும் நோய் அவனுக்கு. சின்ன வகுப்பில் ஓடும்போது அடிக்கடி விழுந்தான். பிறகு நடப்பதே நின்றுபோனது. மதுரை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"இருபதைத் தாண்டுறது கஷ்டம்மா. இருக்கிறவரைக்கும் அவன் ஆசைப்பட்டதைச் செய்ங்க."

அவன் ஆசைப்பட்டது பள்ளிக்கூடத்துக்கு. சவூதியில் வேலை பார்க்கும் புருஷன் சகாபுதீன் தம்மாமிலிருந்து போனில் சொன்னான்: "வீட்லயே வச்சுப் பாத்துக்க. ரோட்ல தூக்கிட்டு அலையாத." மாமியார் ரசூல் பீவியும் அதையேதான் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எதிர்த்துப் பேசாதவள் அன்று பேசினாள். "அவன் படிக்கணும்ங்கிறான். தூக்குறது நான்தான? தூக்கிக்கிறேன்."

இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. மானாவாரிக் காட்டில் பருத்தி போடுகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேரும் இடம். கணினி ஆய்வகம், நூலகம், சனிக்கிழமை என்.சி.சி. பரேடு எல்லாம் உண்டு. மீரான் மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. அங்கே கைகால்களை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஆள் வருவார். சிறப்பாசிரியை தங்கலட்சுமி அலைந்து திரிந்து அவனுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார். பிளஸ் ஒன்னில் அவன் கணினி அறிவியல் கேட்டான். அந்த வகுப்பு மாடியில் நடந்தது. தலைமையாசிரியர் அதிகம் யோசிக்கவில்லை. மொத்த வகுப்பையும் பெஞ்சு, போர்டோடு கீழே இறக்கிவிட்டார்.

மகன் வகுப்பில் இருக்கும் நேரம் முழுக்க ஷர்மிளா பானு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் கொடுக்க, கழிப்பறைக்குத் தூக்கிப்போக, சரிந்துவிட்டால் நிமிர்த்தி உட்காரவைக்க எந்நேரமும் அவள் வேண்டியிருந்தது. பிறந்த ஊரான வீரசோழனில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது வயதுக்கு வந்தாள் என்று நிறுத்தப்பட்டவள் அவள். இப்போது மணி அடித்தால் அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரேயரில் எல்லாரோடும் எழுந்து நின்றாள். பிள்ளைகள் சண்டையைத் தீர்த்துவைக்க அவளிடம் வந்தார்கள். பெண்பிள்ளைகள் வீட்டில் சொல்ல முடியாததை அவள் காதில் சொன்னார்கள். நூலகத்தில் புத்தகம் கொடுத்தார்கள், எழுத்துக் கூட்டிப் படித்தாள், பிறகு கூட்டாமலே படித்தாள். ஒருநாள் தாவரவியல் டீச்சர் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைக் காட்டினார். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இம்புட்டு அறை இருக்கா டீச்சர்?" என்றாள். எத்தனை வருஷமாய் வெங்காயம் நறுக்கியிருக்கிறாள்.

மீரானின் தோள்கள் தொங்கிப்போயின. விரல்கள் மட்டும் கீபோர்டில் நகர்ந்தன. இடுப்பில் தூக்க முடியாமல் முதுகில் சுமந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஜெகதீஸ்வரனும் உதயகுமாரும் காத்திருந்து வாங்கிக்கொள்வார்கள். அவன் கூடப் படித்த பையன்கள். பிளஸ் டூ பரீட்சையில் அவன் வாயால் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியர் எழுதினார். கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்தவன், "ம்மா, நல்லாச் சொல்லிருக்கேன்" என்றான். வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தான்.

அந்த இருமல் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு விடிகாலையில் மீரான் அடங்கிப்போனான்.

சகாபுதீன் வந்து சேர வழியில்லை. அன்று அசர் தொழுகைக்குள் அடக்கம் என்று ஜமாத்தில் முடிவானது. குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தி உடலைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். வாசலில் பள்ளிச் சட்டையோடு பையன்கள் கூட்டமாக நின்றார்கள். ஜெகதீஸ்வரன் சகாபுதீனின் அண்ணனான பெரியத்தாவிடம் போய், "நாங்களும் தோள் குடுக்கலாமா?" என்று தயங்கிக் கேட்டான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கப்பா, நீங்க தூக்காத பிள்ளையா" என்றார்.

ஷர்மிளா பானு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் கபுருஸ்தானுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. அத்தனை வருஷம் அவளில்லாமல் ஓரடி நகராத பிள்ளை தெருமுனை திரும்பிப் போனான். வெறும் கையோடு அவள் அங்கேயே நின்றாள்.

சகாபுதீன் வந்தான், ஒரு மாசம் இருந்தான், திரும்பிப் போனான். வந்து துக்கம் கேட்டவர்களெல்லாம் ஒன்றைத்தான் சொன்னார்கள். "பாவம், எம்புட்டுத் தூக்கிச் சொமந்த. இனியாச்சும் உக்காரு." மாமியாரும் அன்பாகத்தான் சொன்னாள். காலையில் வழக்கம்போலச் சீக்கிரம் முழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். மீரானை நினைத்து அழுவதை எல்லோருக்கும் முன்னால் அழ முடிந்தது. அந்த வராந்தாவும், ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும் பிள்ளைகளும், அடுத்த மணிக்கு என்ன பாடமோ என்கிற எதிர்பார்ப்பும் இல்லாமல் போனதற்கு அழுவது யாரிடமும் சொல்லக்கூடியதாக இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பள்ளிக்கூட ஏக்கம் வந்தது என்றால் யார் என்ன நினைப்பார்கள்? அவளுக்கே அது குற்றமாகப் பட்டது.

மதிப்பெண் பட்டியல் வாங்கப் போனபோது மீரான் நல்ல மதிப்பெண்ணில் தேறியிருந்தான். கணினியில்தான் கூடுதல். அவன் வகுப்பை மறுபடி மாடிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். தங்கலட்சுமி டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மீரான் அம்மா, இங்க இன்னும் பிள்ளைக இருக்கு. உதவிக்கு ஆள் வேணும். நீங்க வந்தா நல்லாருக்கும்."

வீட்டுக்கு வந்து போனில் கேட்டாள். "அவனே போயிட்டான், அங்க உனக்கு என்ன வேலை?" என்றான் சகாபுதீன். அந்த வருஷம் அப்படியே போயிற்று.

மறு வருஷம் கோடை முடியும் சமயம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண், பெயர் மாரீஸ்வரி. தங்கலட்சுமி டீச்சர்தான் நம்பர் கொடுத்தார்களாம். பையனுக்கு இதே நோய், அஞ்சாவது முடித்திருக்கிறான்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல எம்பிள்ளைக்கு என்னக்கா இருக்கு? சேக்கலாமா?"

ஷர்மிளா பானு பேச ஆரம்பித்தாள். "சேத்துருத்தா. சக்கர நாற்காலி தருவாக. கம்ப்யூட்டர தொட விடுவாக. மழ பேஞ்சா மைதானம் சகதியாக் கெடக்கும், பின்னாடி கேட்டு வழியாப் போயிரு. பசங்க தூக்குறேன்னா நம்பிக் குடு, கீழ போட மாட்டாக." சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. பல மாதங்களாக அவள் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

"நீங்க ஒருநாள் கூட வாரீகளாக்கா? எனக்கு அங்க யாரையும் தெரியாது."

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்தாள்.

சாயங்காலம் சகாபுதீன் பேசியபோது கேட்டாள். அவன் மெதுவாக, "திரும்பவும் அங்க போயி அழுவ. வேணாம் பானு" என்றான்.

"இங்க மட்டும் என்ன செய்றேன்?" என்றாள் ஷர்மிளா பானு.