ஹாலந்து வெயிலும் நாமக்கல் கோழியும்

எனக்குத் தெரிந்து நாமக்கல் பக்கத்தில் தெற்கு வடக்காக நீண்டு நின்ற ஒரே கோழிக் கொட்டகை என் மச்சினனுடையது. இங்கே கொட்டகை என்றால் கிழக்கு மேற்காகத்தான் நீளும். காலை வெயிலும் மாலை வெயிலும் இரு முனையிலுள்ள குறுக்குச் சுவர்களில் முட்டிக்கொண்டு திரும்பிப் போகும். இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். ராசிபுரம் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் போதும். மச்சினன் எட்டிப் பார்த்தது விமானத்தின் சன்னல் வழியாக.

பண்ணைக்காரர்கள் சிலர் ஹாலந்துக்குச் சுற்றுலா போனார்கள். நான் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். விசா விண்ணப்பத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பத் தெரிந்த ஒரே சொந்தக்காரன் என்பதால் மச்சினன் என்னிடம் வந்தான். நிரப்பிக் கொடுத்தவனையே மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிக்கொண்டும் போய்விட்டான்.

ஹாலந்தைப் போல ஒரு தட்டையான பூமியை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கொல்லிமலை, மறு பக்கம் கஞ்சமலை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே எதுவுமே தட்டுப்படவில்லை. மேடு வேண்டுமென்றால் பாலத்தில் ஏற வேண்டும். நிலம் கடலுக்கும் கீழே கிடக்கிறது. ராப்பகலாக மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு ஆயிரம் அடிக்குத் துளை போட்டால் புகை மாதிரித் தூசி வரும். அங்கே தண்ணீரை விரட்ட ஓர் அலுவலகம் இருந்தது. இங்கே நான் வேலை பார்த்ததோ தண்ணீர் இல்லை என்று அறிக்கை அனுப்பும் அலுவலகத்தில். இரண்டு இடத்திலும் சம்பளம் உண்டு. அது ஒன்றுதான் ஒற்றுமை.

வெயிலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான்கு நாள் தூறலுக்குப் பிறகு ஒரு மத்தியானம் மேகம் விலகியதும், பெரிய மனிதர்களெல்லாம் சட்டையைக் கழற்றிப் புல்லில் மல்லாந்துவிட்டார்கள். அந்த வெயில் நம் ஊர் மார்கழி நிலாவைவிடக் கொஞ்சம் சூடு. அவ்வளவுதான்.

அன்றுதான் ஒரு பண்ணையைப் பார்த்தோம். கொட்டகையின் நீண்ட பக்கம் சாலையைப் பார்த்து இருந்தது. கண்ணாடி போட்ட தாழ்வாரம், நீலச் சாயம். மாலை வெயில் சாய்வாக உள்ளே விழ, கோழிகள் இறக்கையை விரித்துக் குளிர் காய்ந்தன. சைக்கிளில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க மச்சா, கோழி எப்படி மகராணியாட்டம் உக்காந்திருக்குது! நம்ம செட்டு ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது. ஒரு பய திரும்பிப் பாக்கறானா?"

பண்ணைக்காரக் கிழவர் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும்? தமிழில் சொன்னேன். மச்சினன் சிரித்தான்.

"நம்மூர்ல காத்து எங்கீங்க வருது? கரண்டு வந்தாத்தான் காத்துன்னு சொல்லுங்க மச்சா."

சொன்னேன். மொழிபெயர்ப்பாளனின் கடமை அதுதான். கிழவர் மரியாதையாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்த வேகத்தில் மச்சினன் பழைய கொட்டகையை இடித்தான். புதிய கொட்டகைக்குக் கயிறு கட்டிய அன்று போய்ப் பார்த்தேன். சாலை அவன் நிலத்துக்கு மேற்கே, தெற்கு வடக்காகப் போகிறது. கயிறும் அதோடு சேர்ந்தே போயிற்று.

"மாப்ளை, மேக்கத்து வெயில் நேரா கூண்டுக்குள்ள வருமே?"

"வரட்டுமுங்க. அங்க வந்துச்சு, ஒண்ணுஞ் சாகலையே?"

"அங்க வந்தது வெயிலா?"

"அட போங்க மச்சா. ஆபீஸ்ல உக்காந்து மழையளந்தவுங்களுக்கு வெயிலப் பத்தி என்ன தெரியும்?"

என் மனைவி தம்பி பக்கம் நின்றாள். "அவன் தொழில் அவனுக்குத் தெரியாதுங்களா? நீங்க எதுக்கெடுத்தாலும் ஆட்சேபணை எழுதியே பழகிட்டீங்க."

நீலச் சாயம் அடித்தார்கள். பங்குனியில் கோழிகளை விட்டார்கள். எல்லாம் அப்போதுதான் முட்டைக்கு வந்தவை. மச்சினனுக்கு வேறு பிழைப்பில்லை. பழைய கொட்டகையும் மண்ணோடு போயிற்று. இந்தக் கோழிகள் கத்திரி வெயிலைத் தாண்டினால் அவன் பண்ணைக்காரன், தாண்டாவிட்டால் லாரிப் பட்டறையில் ஏதாவது வேலை கேட்க வேண்டியதுதான். இது அவனைத் தவிர எல்லோருக்கும் புரிந்திருந்தது.

சித்திரையில் அவனுக்கும் புரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயில் சாலையைக் கடந்து, வேலியைக் கடந்து, கூண்டின் மூன்றாவது வரிசை வரை நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஹாலந்தில் கண்ட அதே சாய்ந்த மாலை வெயில். கோழிகளும் அதே மாதிரி இறக்கையை விரித்தன. வாயையும் பிளந்தன. நான் போன அன்று மேற்கு வரிசையில் செத்தவற்றைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இப்போது சாலையில் போகிறவர்கள் ஒருவர் விடாமல் நின்று பார்த்தார்கள். அவன் ஆசைப்பட்டது அதைத்தானே.

"ஏனுங்க மச்சா, இதுக்கு கவுருமெண்டுல ஏதாச்சும் கெடைக்குமுங்களா?"

நான் இருந்த காலத்து விதியைச் சொன்னேன். கோழி வெள்ளத்தில் செத்தால் ஒரு வழி இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, கால்நடை மருத்துவர் சான்று, புகைப்படம் எல்லாம் வேண்டும். வெயிலில் செத்தால் வழியில்லை.

"நம்மூருல வெள்ளம் எங்கீங்க வருது?"

"அதனாலதான் அந்த விதிய வெச்சிருக்காங்க."

அவன் சிரிக்கவில்லை. அன்று முதல் நானும் தினம் போனேன். மனைவியின் உத்தரவு. தின்றால் உடம்பு சூடேறும் என்று மத்தியானத் தீவனத்தை நிறுத்தினோம். சாக்குகளைத் தைத்து மேற்குப் பக்கம் படுதாவாகத் தொங்கவிட்டு நனைத்தோம். தரைத் தொட்டியில் நின்ற தண்ணீர் வெந்நீராக இருந்தது. சாக்கு அரை மணியில் அப்பளமாயிற்று. கடைசியில் தென்னங்கீற்று வாங்கி, மூங்கில் நட்டு, மேற்குப் பக்கம் நெடுகத் தரை வரைக்கும் சரிவாகச் சார்ப்பு இறக்கினோம். நீலச் சாயமும் போயிற்று, தாழ்வாரமும் போயிற்று, சாலையும் போயிற்று. ஹாலந்துக் கொட்டகை கல்யாண வீட்டுச் சமையல் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கோழி விழுவது குறைந்தது. ஒரு நாள் காலையில் சாக்கு காலியாகவே கிடந்தது. மச்சினன் அதை மடித்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினான்.

கத்திரி முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது. காற்று என்றால் கரண்டு என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தோம் அல்லவா. அந்தக் காற்று கரண்டைக் கொண்டுபோய்விட்டு வந்தது. மேற்கேயிருந்து ஒரே அடி. மூங்கிலைப் பிடுங்கி, சார்ப்பைச் சுருட்டி, கிழக்கே நாலு தோட்டம் தள்ளி ஒருவருடைய மரவள்ளியின் மேல் போட்டது. பின்னாலேயே மழை. நாங்கள் தீவன மூட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். கோழிகள் நனைந்தன, நடுங்கின, சாகவில்லை. மேற்கு வரிசையில் பாதிக் கூண்டு காலி. மற்றவை கத்திரியைத் தாண்டிவிட்டன.

"காத்து மேக்கத்தாங்க வருது," என்றான் மச்சினன், ஏதோ கண்டுபிடித்தவன் போல.

ஐப்பசி மழை விட்டதும் அவன் இரண்டாவது கொட்டகைக்குக் கயிறு கட்டினான். மிஞ்சிய கோழிகளை இதற்கு மாற்றிவிட்டு, நீலக் கொட்டகையில் தீவனமும் முட்டை அட்டையும் அடுக்கப்போகிறானாம். கயிறு ஒழுங்காகக் கிழக்கு மேற்காக ஓடியது. ஊர்க்காரர் நாலு பேர் நின்றிருந்தார்கள். கொத்தனார் கேட்டார்: "என்னங்க, இந்தத் தடவ நம்மூர் மாதிரியே கட்டறீங்க?"

"இதுதானுங்க நெசமான ஹாலந்து முறை," என்றான் மச்சினன். "அந்தப் பெரியவரு அப்பவே காத்து எந்தப் பக்கம் வருதுன்னு கேட்டுட்டாரு. அதுக்குத் தக்கன கட்டோணும்னு அவரு சொல்ல வந்தாரு. என்ற மச்சான்தான் குறுக்க என்னத்தையோ சொல்லி ஊமையாக்கிட்டாரு. இங்கிலீசு போதலீங்க."

நாலு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆட்சேபணை தெரிவிக்க வாயெடுத்தேன். மச்சினன் கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். கோணினால் சாகப்போவது கோழி.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி முழுவதும் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க அங்க சரியாத்தான் சொன்னீங்களா?"