அடுத்த வீட்டு மணி

எமேஷேயின் குடியிருப்பு அட்டையில் இருந்தவை இரண்டே வரிகள்: 'குடும்பத்தினருடன் தங்குபவர். வேலை செய்ய அனுமதி இல்லை.' இந்தத் தகுதியோடு அவள் எங்கள் தெருவின் ஏழு வீடுகளுக்கும் ஓராண்டு தலைவராக இருந்தாள். குப்பை மேடையில் காகங்கள் கிளறாமலிருக்க வலை விரித்தாள். வாய்க்கால் தூர்வார எங்களை ஞாயிறு காலையில் எழுப்பினாள். வேலைக்கென்றே அனுமதி பெற்று ஹங்கேரியிலிருந்து ஜப்பானுக்கு வந்திருந்த அவள் கணவர் ஆகோஷ், பேரிங் தொழிற்சாலைப் பொறியாளர், அந்த ஞாயிறுகளில் தூங்கினார்.

தலைமைப் பதவி யாரும் கேட்டு வாங்குவதல்ல. வீட்டு வரிசைப்படி வந்து விழும். அவர்கள் வீட்டில் விழுந்தபோது, வெளிநாட்டுக்காரர்களைத் தாண்டிப் போகலாமா என்று நாங்கள் யோசித்தோம். மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் பொறுப்பேற்றுவிட்டாள். நான்கு ஆண்டுகளில் எங்களில் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவள் 'ஒக்குசான்', வீட்டுக்கார அம்மா.

மார்ச் நடுவில் ஆகோஷின் ஒப்பந்தம் முடிந்தது. பிப்ரவரியிலேயே வீடு கரையத் தொடங்கியது. முதலில் அலமாரி போனது, பிறகு மேசை. நகராட்சி எடுத்துப்போகப் பணம் கட்டி வாங்கும் குப்பைச் சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு துணி துவைக்கும் இயந்திரம் ஒருநாள் வாசலில் நின்றது. மகள் டோர்க்கா பள்ளிக்குப் போனபின் எமேஷே தரையில் உட்கார்ந்து பெட்டி கட்டுவாள். மண்ணெண்ணெய் வண்டி பாட்டோடு வந்து பாட்டோடு போகும். மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் குழந்தைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும் இசை வரும். இரண்டுக்கும் நடுவில் அவளோடு பேச யாரும் இல்லை.

அடுத்த தலைவர் யார் என்று முடிவு செய்ய ஊர்க்கூடத்தில் கூடினோம். தேநீரும் ஆரஞ்சும் இருந்தன. வரிசைப்படி அடுத்த வீடு தொகாஷியுடையது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் வெளியே தலை காட்டுவதில்லை.

"தொகாஷி சானைத் தாண்டிடலாம். பாவம், அவருக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார் வரிசையில் எமேஷேக்கு முந்தைய வீட்டு மிசோகுச்சி அம்மாள்.

"முடியாதுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள் எமேஷே.

"கேட்டாத்தானே சொல்லுவார். கேட்டா சங்கடப்படுவார்."

"பஸ் ஓட்டினப்பவும் அப்படித்தான்," என்றார் தெருக்கோடி வீட்டு சகுமா. "கதவை மூடறதுல கெட்டிக்காரர்."

எல்லோரும் சிரித்தோம்.

"எனக்குத் திறக்கிறாரே," என்றாள் எமேஷே.

சிரிப்பு நின்றது. "உங்களுக்கு எதுக்குத் திறக்கிறார், ஒக்குசான்?" என்றார் சகுமா.

"அறிவிப்புப் பலகை கொடுக்கப் போறப்ப. மணி அடிப்பேன்."

"மணியா?" மிசோகுச்சி அம்மாள் உரித்த ஆரஞ்சைக் கீழே வைத்தார். "அடிச்சு, கையிலயா கொடுக்கறீங்க?"

"அதுலயே எழுதியிருக்கே, அடுத்த வீட்டாரிடம் நேரில் தரவும்னு."

"எழுதியிருக்கு, எழுதியிருக்கு. எழுதறவங்க எழுதுவாங்க."

தெரு அறிவிப்புகளைச் செருகி வீடு வீடாகச் சுற்றும் அந்தச் சிறு பலகையை நாங்கள் யாரும் நேரில் தருவதில்லை. அடுத்த வீட்டுக் கேட்டில் சத்தமில்லாமல் மாட்டிவிட்டு வந்துவிடுவோம். அதுதான் மரியாதை. மிசோகுச்சி அம்மாள் தன் கேட்டில் மாட்டிவிட்டுப் போவது, வெளிநாட்டுக்காரியோடு பேச மனமில்லாமல்தான் என்று எமேஷே இத்தனை காலம் எண்ணியிருந்தாள். தன்னை யாரும் அவமதிக்கவில்லை என்பதும், தான்தான் ஒருவரை அவமதித்து வந்திருக்கிறோம் என்பதும் ஒரே நேரத்தில் அவளுக்குத் தெரியவந்தன.

அன்றிரவு ஆகோஷிடம் சொன்னாள். "நாலு வருஷமா அந்த மனுஷரைத் தொந்தரவு பண்ணியிருக்கேன்."

"விடு. இன்னும் கொஞ்ச நாள்தானே," என்றார் ஆகோஷ், சூப்பிலிருந்து தலை தூக்காமல்.

தொகாஷி கதவைக் கையகலம் திறப்பார். "குளிர், இல்லையா?" என்பாள் அவள். "குளிர்தான்" என்பார் அவர். கோடையில் "வெயில், இல்லையா?" "வெயில்தான்." பல வாரங்களில் அவள் அயலாரோடு பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

அடுத்த முறை பலகை வந்தபோது எங்களைப் போலவே அதை அவர் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். அந்த வாரம் அவள் அயலார் யாரோடும் பேசவில்லை. பலகை மழையில் நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது. கேட்டைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பலகை என்றால் மணி அடிக்கும் என்று இருந்தார். நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியே அதைப் பார்த்தோம். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒருவரும் தொடவில்லை.

ஏப்ரலில் தொடங்கும் புதிய ஆண்டுக்கான வீட்டுப் பெயர்களைப் பலகையில் எழுதி ஒட்டுவது தலைவரின் கடைசி வேலை. தலைவர் முறையில் தொகாஷியைத் தாண்டுவதோடு, பலகையிலும் அவர் பெயர் வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. பெயர் இல்லாத வீட்டுக்குப் பலகை போகாது. அதன்பின் அந்த வாசலுக்குப் போக யாருக்கும் எந்தக் காரணமும் இருக்காது.

வெறும் தரையில் பெயர் அட்டையை வைத்துக்கொண்டு எமேஷே ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு போய் நனைந்த பலகையைக் கேட்டிலிருந்து எடுத்தாள். மணி அடித்தாள்.

கதவு கையகலம் திறந்தது. "ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார் தொகாஷி.

"இன்னும் இல்ல. மணி அடிக்கறது தப்புன்னு சொன்னாங்க."

"தப்புதான்," என்றார். கதவை மூடவில்லை.

"ஏப்ரல்லேர்ந்து நீங்கதான் தலைவர். முறை உங்களுது. முடியாதுன்னா நீங்களே சொல்லணும், மத்தவங்க சொல்லக் கூடாது."

"யோசிக்கிறேன்."

எங்கள் ஊரில் இதற்குப் பொருள் 'முடியாது'. எமேஷேக்கு அது தெரியும். தெரிந்தும், "சரி, நாளைக்கு வர்றேன்" என்றாள்.

மறுநாள் போனாள், இன்னும் யோசிப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த நாளும் போனாள். விமானத்துக்கு முந்தைய மாலை அவர், "பலகையைக் கொடுங்க, முறையை நானே எடுத்துக்கறேன். ஆனா நான் யார் வீட்டு மணியையும் அடிக்க மாட்டேன்" என்றார்.

"அது உங்க இஷ்டம், தொகாஷி சான்."

"குளிர், இல்லையா?" என்றார். இந்த முறை அவர் முந்திக்கொண்டார்.

"குளிர்தான்."

மறுநாள் காலை டாக்சி வந்தது. பெட்டி ஏற்றுபவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நாங்கள் திரைக்குப் பின்னால் நின்றோம். தொகாஷி வீட்டுத் திரையும் அசைந்தது. எமேஷே மூடிய கதவுகளைப் பார்த்து ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு ஏறிக்கொண்டாள்.

நான்கு ஆண்டுகள் அவள் எங்கள் தெருவில் வாழ்ந்தாள். எங்களில் அவள் மட்டும்தான் தொகாஷி வீட்டு மணியை அடித்து, அவர் கதவைத் திறக்கும்வரை வாசலில் நின்றாள்.