எனாமல் கட்சி

பெயிண்ட் டப்பாவின் மூடியை ஸ்குருடிரைவரால் நெம்பித் திறந்தார். உள்ளே இருந்த சாம்பல் நிறத்தைப் பல்குத்தும் குச்சியால் கலக்கி, ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, நகத்தை விளக்கடியில் அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"சுருட்டுக்காரர் கீழ்வரிசை," என்றார், யாருக்கென்றும் இல்லாமல். கைநீளமிருந்த பிளாஸ்டிக் சரக்குக் கப்பலின் பக்கவாட்டுக்கு அது சரியாக இருக்கும்.

பகலில் பல்செட் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகு வார்த்து, பல் பதித்து, ஈறுக்கு ரோஸ் நிற அக்ரிலிக் ஊற்றிக் கெட்டியாக்கி, தேய்த்துப் பளபளப்பாக்குவார். ஒரு நிறத்தைப் பார்த்தால் அவருக்கு முதலில் யாரோ ஒருவருடைய பல்தான் ஞாபகம் வரும். காப்பிக்காரர், மருந்து சாப்பிட்டவர், பால்பல். கப்பலின் மேல்தளத்துக்கு என்றுமே பால்பல்தான்.

மாலையில், சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் பிளாஸ்டிக் கப்பல்கள். ஜன்னலைத் திறந்தால் தூசு வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும் என்பதால் திறப்பதில்லை. மனைவி தேநீரை அறைக்கு வெளியே முக்காலியில் வைத்துவிட்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். தன் கவனம் கலையக் கூடாதென்று செய்கிறாள் என்று நினைத்திருந்தார்.

இந்தக் கப்பல் மாடல்கள் விற்கும் கடையில் சனிக்கிழமைகளில் இரண்டு கட்சி கூடும். தின்னரில் கரைத்துப் பூசும் எனாமல் ஒன்று, தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் ஒன்று. எனாமல் கட்சிக்கு இவர்தான் தலைவர், பேச்சாளர், சில வாரங்களில் ஒரே உறுப்பினர். எனாமல் காய ஒரு நாள் ஆகும், அதற்குள் தூரிகைத் தடம் தானே படிந்து மறைந்துவிடும், அக்ரிலிக்கோ கையைத் தூக்குவதற்குள் காய்ந்து மானத்தை வாங்கும் என்பது அவர் வாதம்.

"கடவுள் பல்லுக்கு என்ன பூசினாரு? எனாமல். அக்ரிலிக் நாங்க வைக்கிறது, பல்லு போன பிறகு," என்பார். கடைக்காரர் இதை எத்தனையாவது முறை கேட்டாலும் சிரிப்பார். வியாபாரம்.

மழைக்காலத்தில் மனைவியைப் பிடித்த இருமல், மழை போயும் போகவில்லை. டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் நெடி ஏதாவது உண்டா, கொசுவத்தி, பெயிண்ட், பூனை, நாய் என்று வரிசையாகக் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க," என்றாள்.

இவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். வாயைத் திறந்தார். டாக்டரின் முன்பல் ஒன்று வைத்துக் கட்டியது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார்.

பல்செட் கூடத்துக் கரைசல்கள் அவருடைய மூக்கை எப்போதோ தின்றுவிட்டன. தின்னருக்கு நெடி உண்டு என்பது அவருக்கு, அடுத்த ஊரில் மழை என்பதுபோல ஒரு தகவல். பஸ்ஸில்தான் கேட்டார்.

"பெயிண்ட்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நிறுத்தச் சொல்வாரு. நிறுத்திட்டு நாள் பூரா என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. அதுக்கு இந்த இருமலே தேவலை."

முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவது எதற்காக என்று இறங்கும் இடம் வருவதற்குள் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னாலேயே, கடை திறக்கிற நேரத்தில் போனார். அக்ரிலிக்கில் நாலு நிறம் கேட்டார். மச்சினன் பையனுக்கு என்றார்.

"உங்க மச்சினனுக்கு ரெண்டும் பொண்ணாச்சே சார்?"

"பொண்ணு பெயிண்ட் அடிக்கக் கூடாதா?"

கடைக்காரர் அடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, வெளியே தெரியாதபடி கட்டிக் கொடுத்தார்.

கப்பலின் பக்கவாட்டில் முன்பே எனாமல் பூசியிருந்தார். விரல் முட்டியால் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. மேலே அக்ரிலிக்கைப் பூசினார். மேல்தோல் காய்ந்தால் உள்ளேயும் காய்ந்ததென்று அர்த்தமில்லை, எனாமலை ஆறப்போடாமல் மேலே எதையும் பூசாதே என்று அந்தக் கடையில் எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்தவர். பூசத் தொடங்கினால்தான் மனம் மாறாது என்ற அவசரத்தில் ஊருக்குச் சொன்னது தனக்கு மறந்துவிட்டது. காலையில் கப்பல் முழுக்கப் பித்தவெடிப்பு.

கையில் எடுத்துப் பார்த்தார். எனாமல் டப்பாக்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. ஒரு பூச்சு, இந்த ஒரு கப்பல் மட்டும், ஜன்னலை வேண்டுமானால் திறந்துகொள்ளலாம். சமையலறையில் இருமல் கேட்டது. முடியும் என்று காத்திருந்தார். அது முடிந்து, மறுபடி தொடங்கியது.

கப்பலையும் தின்னர் பாட்டிலையும் கந்தல் துணியையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். வெயிலில் குந்தி உட்கார்ந்து, வெறும் பிளாஸ்டிக் தெரியும்வரை துடைத்தார். பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. வேலைக்குப் போகும்போது டப்பாக்களோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று மாலை முதலிலிருந்து ஆரம்பித்தார். அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்தது. திட்டுத்திட்டாகப் பிடித்தது. "ஓடற பஸ்ல ஏறச் சொல்றான்," என்று முணுமுணுத்தார். நீர்க்கக் கரைத்து, மெல்லிசாகப் பூசி, மறுபடி நனைத்துப் பூசினார். முன்பு தின்னருக்குக் குப்பி இருந்தது. இப்போது தூரிகை கழுவும் தண்ணீர் ஒரு தம்ளரில், தேநீரும் ஒரு தம்ளரில். கண் கப்பலில் இருந்தது, மூக்குதான் இல்லையே. தேநீரில் தூரிகையைக் கழுவினார். கழுவியதை எடுத்துக் குடித்தும் விட்டார்.

காலித் தம்ளரைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தபோது மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னங்க இது? மீசை சாம்பலாயிருக்கு."

அவர் விரலால் துடைத்து, விளக்கில் பார்த்தார். "சுருட்டுக்காரர் கீழ்வரிசை," என்றார்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிவது வழக்கம் என்பதால் அவர் அசையாமல் நின்றார். இரண்டு முறை இருமினாள், பிறகு மீதியைச் சிரித்தாள். அந்த அறைப் பக்கம் திரும்பி மூச்சை இழுத்துப் பார்த்தாள். தின்னர் நெடி இல்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். இரண்டு மேல்வரிசை முடித்தார். மாலையில் வந்து ஜன்னலைத் திறந்து வைத்துக் கப்பலுக்கு அடுத்த பூச்சைத் தொடங்கினார். கதவில் தட்டு கேட்கவில்லை. மனைவி உள்ளே வந்து தேநீரை மேசையில், தண்ணீர்த் தம்ளருக்கு எதிர்ப்புறமாக வைத்தாள். தேநீரின் மேல் மூடி போட்டிருந்தாள்.