ஜோகுபாளையத்தில் பளபளத்த அடுப்புகள்

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பெங்களூரு போனேன். ஊர் சுற்ற இல்லை, அடுப்பு பார்க்க. விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்பை ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுக்கிறது. அதனால் குறையும் புகையை கார்பன் கிரெடிட் என்று வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. நம் நாட்டிலும் இதற்குச் சந்தை வருகிறது. அடுப்பு நிஜமாகவே எரிகிறதா என்று நேரில் பார்த்துச் சொல்வது என் வேலை. இதே வேலையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காட்பாடியில் காலை 7:20க்கு ரயில் ஏறி 10:40க்கு கண்டோன்மெண்டில் இறங்கினேன். அங்கிருந்து ஜோகுபாளையம் சுமார் ஐந்து கிலோமீட்டர். மீட்டர் போடச் சொன்னதும் ஆட்டோக்காரர் சிரித்தார்.

"அல்சூர் கிட்ட ஃபுல் ஜாம் சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க, நூத்தம்பது குடுங்க."

கொடுத்தேன். டவுன் பஸ்ஸில் போயிருந்தால் பாதிப் பணம்கூட ஆகியிருக்காது.

முதல் நான்கு வீடுகளிலும் அடுப்பில் பொட்டுக் கரியில்லை. நான்குக்கும் போனில் 'பயன்பாட்டில் இல்லை' என்று பதிந்தேன். அப்படிப் பதிந்தால் அடுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஊரே சேர்ந்து ஏமாற்றுகிறது, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

ஐந்தாவது வீடு செல்வி அக்காவுடையது. காலையில் வாசலில் இட்லி விற்பவர். அங்கேயும் அடுப்பு கண்ணாடி மாதிரி மின்னியது.

"நீங்க இதுல சமைக்கறதே இல்லயேம்மா. எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சார், பழைய அடுப்புன்னா புகைல கண்ணே தொறக்க முடியாது. இது போச்சுன்னா நான் கடையே போட முடியாது."

"அப்ப கரி எங்க?"

உள்ளே போனார். இட்லி குண்டானைத் தூக்கி வந்து என் முன்னால் கவிழ்த்தார். அடிப்பக்கம் விரல் வைத்தால் ஒட்டுமளவு கரி.

"நாளைக்கு சார் வர்றாருன்னு நேத்து போன் பண்ணாங்க. தெருவே ஒக்காந்து தேச்சோம். சார் பாக்கறது அடுப்பத்தானே, குண்டான இல்லயேன்னு இத வுட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆட்கள் வீட்டில் இருக்க வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லச் சொன்னதே நான்தான். யாராவது வருகிறார்கள் என்றால் என் வீட்டிலும் முதலில் அடுப்படியைத்தான் துடைப்போம். அது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று?

திரும்பி நான்கு வீடுகளுக்கும் நடந்து, பாத்திரத்தைக் காட்டச் சொன்னேன். மூன்றில் அடி கறுப்பு. ஒரு வீட்டில் மட்டும் பாத்திரமும் பளபளத்தது. அவர்கள் கேஸுக்கு மாறி மாதக்கணக்காகிவிட்டதை ஒப்புக்கொண்டார்கள். எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சி மூன்று பதிவுகளைத் திருத்துவதற்குள் என் 3:30 ரயில் போய்விட்டது. பேருந்தில்தான் ஊர் திரும்பினேன்.

போகிறவர்கள் சொல்லாமல் போங்கள். சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமென்றால் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் அடுப்பு எரிவதையே பார்க்கலாம்; சாப்பாட்டுக் கவலையும் இருக்காது.

நான் போனபோது செல்வி அக்காவிடம் இட்லி இல்லை. போனில் நிரப்பும் படிவத்தின் கடைசிக் கேள்வியில்தான் அது ஏன் என்று புரிந்தது: கடந்த ஏழு நாட்களில் அடுப்பு எரியாத நாட்கள் எத்தனை?

"ஒன்னு சார். இன்னிக்கு. பத்த வெச்சா மறுபடி கரியாயிடுமேன்னு கடையே போடல."

'ஒன்று' என்று பதிந்தேன். காரணம் என்ற இடத்தில், 'நாங்கள் வந்தது' என்று எழுதினேன்.