மாமா விழுங்காத ஒரு வாய்

சேலத்திலிருந்து மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். மாமா ஏன் வாயில் ஜூஸை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்? அத்தை ஏன் அழுதார்கள்? அம்மா ஏன் அத்தனை பாட்டிலையும் கவிழ்த்துக் கொட்டினாள்? "ஒண்ணுமில்ல சாமி, தூங்குங்க" என்று சொல்லிவிட்டேன். மாமா முன் சீட்டில் இருந்தார். அவர் காதில் விழும்படி எதைச் சொல்வது? இப்போது எழுதுகிறேன். எனக்கு எழுதத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், நிறையக் குடித்துக்கொண்டிருந்தவர். இது உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போவார். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். "இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொட்டு என்றால் சொட்டுதான். ஒரு சொட்டு தொட்டவர் மறுபடி நிறுத்த முடியாமல் போன கதைகளை அந்த வார்டிலேயே அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மார்கழி மாதத்தில் மலைமேல் நாகலூரில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்து தங்கினார். பகலெல்லாம் நன்றாக இருப்பார். பொழுது சாயும்போதுதான் தவிப்பு. வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடப்பார். கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

நான் விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறவன். சுற்றுலா வருகிறவர்களில் குடிக்காதவர்களுக்கு அங்கே ஒரு பானம் கலந்து கொடுப்போம். அதையே வீட்டில் செய்தேன். காப்பித் தோட்டத்து ஆரஞ்சுப் பழச் சாறு, எலுமிச்சை, கொஞ்சம் இஞ்சி, கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகு நாலைந்து நசுக்கிப் போட்டது. கண்ணாடி டம்ளரின் விளிம்பில் உப்பு தடவி, ஐஸ் போட்டு நீட்டினேன்.

"இந்தக் குளுருல ஐஸா? உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் தங்கச்சி. டம்ளர்ல ஐஸ் மோதற அந்தச் சத்தம் கேக்கோணும் எனக்கு" என்றார் மாமா. ஒரு மிடறு குடித்தார். மிளகு தொண்டையில் ஏறியதும் கண் விரிந்தது. "மாப்ள, நல்லா ஒறைக்குதுங்க!"

அன்று முதல் தினமும் அதுதான். பிறகு அவரே கலக்கக் கற்றுக்கொண்டார். ஆரஞ்சு வரத்து முடிவதற்குள் சாறு பிழிந்து வைத்துவிடலாம் என்று கூடைகூடையாக வாங்கி வந்தார். நீங்கள் தோல் உரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சாறைக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, வெந்நீரில் கழுவிய பாட்டில்களில் சூட்டோடு ஊற்றி மூடினோம். மாமாவுக்கு ரத்தத்திலும் சர்க்கரை இருக்கிறதே என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாள் அம்மா. கடையில் வாங்குவதில் கெடாமலிருக்கப் போடுகிற மருந்து எதுவும் வேண்டாம் என்றேன் நான். நம் ஊர்க் குளிரில் அந்தச் சாறு அலமாரியில் அப்படியே இருந்தது. ஒரு பாட்டில்கூடக் கெடவில்லை. அந்த நம்பிக்கையில்தான் தை கடைசியில் அவர் ஊருக்குக் கிளம்பும்போது மீதி பாட்டில்களைப் பை நிறையக் கட்டிக் கொடுத்தோம்.

பங்குனி கடைசியில் உங்களுக்குப் பரீட்சை முடிந்ததும் அவரைப் பார்க்கப் போனோம். சேலத்து வெயில் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மாமா தெளிந்த முகத்தோடு இருந்தார். சட்டை உடம்பில் பொருந்தியிருந்தது. "ஏனுங்க மாப்ள, மெலிஞ்சுட்டீங்க. உங்க விடுதியில உங்களுக்குச் சோறு போடறதில்லீங்களா?" என்று என்னைக் கேலி செய்கிற அளவுக்கு வந்திருந்தார்.

"உக்காருங்க எல்லாரும். இன்னைக்கு நாந்தான் கலக்கறேன்" என்று பரண்மேலிருந்து ஒரு புதுப் பாட்டிலை இறக்கினார். ஃபிரிட்ஜில் மாவுக்கும் பாலுக்குமே இடமில்லை என்று அத்தை மிச்சத்தை எல்லாம் பரணில் வைத்திருந்தார்களாம். ஓட்டுக்கு நேர் கீழே அந்தப் பரண்.

மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"பாரு கண்ணு, பாட்டிலே பெருமூச்சு உடுது! இத்தன நாளா என்னைக் காணமேன்னு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

தட்டில் டம்ளர்களை அடுக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். பெரியவளே, நீதான் முதலில் நாக்கை வைத்துப் பார்த்து, "மாமா, சோடா போட்டீங்களா? குத்துது" என்றாய்.

"சோடாவா? ஊட்ல ஏது கண்ணு சோடா" என்று சொல்லிக்கொண்டே அவர் தன் டம்ளரை எடுத்து ஒரு பெரிய வாய் குடித்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

கன்னம் உப்பியிருந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. புரையேறிவிட்டது என்று நினைத்து முதுகைத் தட்டப் போனேன். அவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார். ஓரெட்டு வைத்தால் கை கழுவுமிடம். அந்த ஓரெட்டு வைக்க அவருக்கு எவ்வளவு நேரமானது! தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு ஓடிப் போய்த் துப்பினார். குழாயைத் திறந்து கொப்புளித்தார், கொப்புளித்தார், நிறுத்தவே இல்லை.

"என்னங்க மச்சான், என்னாச்சு?"

"சாராயமுங்க மாப்ள." குரல் கிழிந்து வந்தது. "உங்களுக்குத் தெரியலீங்களா? எனக்குத் தெரியுதுங்களே!"

நான் என் டம்ளரை முகர்ந்தேன். கனிந்த பழ வாசம்தான் வந்தது. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன், புளிப்பு. குடித்துப் பழகாத எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை. ஆனால் பாட்டிலுக்குள் நுரை ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மாவு பொங்குகிற மாதிரி, உள்ளே அது பொங்கியிருக்கிறது. குறைந்த சர்க்கரை, மருந்து இல்லாத சாறு, பரண் சூடு. குடிக்கக் கூடாத மனிதனுக்காக நாம் எல்லோரும் உட்கார்ந்து பிழிந்தது, அவர் தலைக்கு மேலேயே இருந்து மதுவாகியிருக்கிறது. பெரியவளே, உன் கையிலிருந்த டம்ளரை நான் பிடுங்கிய வேகத்தில்தான் நீ அழுதாய். கோபமில்லை கண்ணு. பயம்.

அத்தை சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். "முழுங்கிட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க, முழுங்கிட்டீங்களா?" அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

"இல்லடி. இல்ல." அப்புறம் அவரே சந்தேகமாக என்னைப் பார்த்து, "இல்லதானுங்களே மாப்ள?" என்றார். "இல்லீங்க" என்றேன். தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். அது எச்சிலாகத்தான் இருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

பரணில் இருந்த மிச்ச பாட்டில்களை நான் இறக்கினேன். "தங்கச்சி, நீ ஊத்திரு. நான் ஊத்துனா மனசு மோந்து பாக்கச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு மாமா தெருவுக்குப் போனார். செருப்புகூட இல்லாமல் அந்த வெயிலில் நின்றார். அத்தை பின்னாலேயே போய் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா ஒவ்வொன்றாகக் குளியலறையில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றும் சீறியது. எவ்வளவு தண்ணீர் விட்டும் வீட்டைவிட்டு அந்த வாசம் போகவில்லை.

சாயங்காலம் நாம் கிளம்பும்போது மாமா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நானும் மேல வர்றேனுங்க மாப்ள. இன்னைக்கு இந்த ஊட்டுல படுக்க என்னால ஆவாது."

"போய்ட்டு வாங்க, நான் ஊட்டக் கழுவி வைக்கறேன்" என்றார்கள் அத்தை.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தபோது நீங்கள் தூங்கிவிட்டீர்கள். மாமா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு சொன்னார்: "நல்லா இருந்துச்சுங்க மாப்ள. வாயில பட்டதும் அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதாங்க எனக்குப் பயமா இருக்குது." அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், மாமா நம் வீட்டில் இருக்கும் வரை ஜூஸ் கலக்கிக் கொடு என்று அவரை நச்சரிக்காதீர்கள். சாயங்காலமானால் அவரோடு தாயம் விளையாடுங்கள், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். இதுவரை அவர் எதையும் தொடவில்லை.

இன்று காலையில் ஒரு கூடை எலுமிச்சையோடு வந்து நின்றார். "ஊறுகாய் போடலாமுங்களா மாப்ள? உப்புல ஊறுனா அந்த மாதிரி ஆவாதில்லீங்களா?"

முன்பு என்றால் ஆகாது என்று பட்டென்று சொல்லியிருப்பேன். "விடுதிப் பெரிய சமையல்காரர ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தர்றேனுங்க மச்சான். அதுவரைக்கும் நறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.